மஞ்சள் கறுப்புக் கழகமும் நமது கடன் கொப்பியும்

2004 டிசம்பர் 1, புதன்கிழமை. ஜித்தா நகரின் பழைய வர்த்தகப் பகுதியான பலதில் நான் வேலை செய்த துணிக்கடையில் அன்று பகல் ஒரு மீட்டர் துணிகூட வெட்டுப்படவில்லை. கடை திறந்துதான் இருந்தது. ஆனால் முதலாளி, கணக்கு எழுதுபவர், விற்பனையாளர்கள் நாங்கள் ஐந்து பேர், பக்கத்துக் கடைக்காரர்கள் என எல்லோரும் பின்னறையிலிருந்த சிறிய தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். கொரியாவின் சியோங்னாம் நகரில் ஆசிய சம்பியன்ஸ் லீக் உதைபந்தாட்ட இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

அதற்குச் சரியாக ஒரு வாரத்துக்கு முன்னர், நவம்பர் 24 ஆம் திகதி, ஜித்தாவிலேயே நடந்த முதலாவது ஆட்டத்தில் நகரத்தின் செல்லப் பிள்ளையான அல் இத்திஹாத் கழகம் கொரியாவின் சியோங்னாம் அணியிடம் 3 - 1 என்று தோற்றிருந்தது. மறுநாள் காலை எங்கள் முதலாளி கடைக்கே வரவில்லை. சொந்த ஊரில் மூன்று வாங்கியவர்கள் அந்நிய ஊரில் போய் என்ன செய்யப் போகிறார்கள் என்றுதான் கடைவீதி முழுவதும் பேச்சு. இரண்டு கோல் கடனைச் சுமந்துகொண்டுதான் அந்த அணி கொரியாவுக்குப் போயிருந்தது.

நடந்தது என்ன? 5 - 0. அணித்தலைவர் முஹம்மத் நூர் மட்டும் இரண்டு கோல்கள் அடித்தார். இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் 6 - 3. அல் இத்திஹாத் ஆசியாவின் சம்பியன். பலதின் ஒடுங்கிய சந்துகளில் கார் ஹோன் சத்தம் நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை. முதலாளி கடைவாசலில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் குளிர்பானம் கொடுத்தார்.

ஆனால் அன்றிரவு கடை அடைத்த பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இருபது வருடங்களுக்குப் பின்னரும் என் மனதில் நிற்கிறது. அவர் யெமனின் ஹழ்ரமவுத் வம்சத்தில் வந்தவர். பரம்பரை வியாபாரி. அன்றைய வருமானத்தை எண்ணி வைத்துவிட்டு, "கிண்ணம் வந்தது நல்லது. ஆனால் இது கழகத்தின் லாச்சியிலிருந்து வந்த காசில் வாங்கிய கிண்ணமல்ல. பெரிய மனிதர்களின் பையிலிருந்து வந்த காசு. பை மூடினால் என்ன செய்வார்கள்?" என்றார்.

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, சொந்தமாகக் கடை போட்டு, சொந்தமாக அடியும் பட்ட பிறகுதான் விளங்கியது. அந்தக் கழகத்தின் கதையை வியாபாரிகளாகிய நாம் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது என்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன். உதைபந்தில் ஆர்வம் இல்லாதவர்களும் பொறுமையாகப் படியுங்கள். இது பந்தைப் பற்றிய கதையை விட லாச்சியைப் பற்றிய கதை.

எண்ணெய்க்கு முந்திய கழகம்

செங்கடல் ஓரத்து நகரமானாலும் நம்மவர் பேச்சில் ஜித்தாவும் 'வளைகுடா'தான். அங்கே எல்லாமே எண்ணெய்க் காசில் வந்தது என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். அல் இத்திஹாதைப் பொறுத்தவரை அது தவறு.

1925 டிசம்பரில்தான் ஜித்தா நகரம் மன்னர் அப்துல் அஸீஸின் ஆட்சிக்குள் வந்தது. அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகு, 1927 இல், நகரத்து இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி இந்தக் கழகத்தை ஆரம்பித்தார்கள். சவூதி அரேபியா என்ற பெயரே நாட்டுக்கு 1932 இல்தான் வந்தது. வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது 1938 இல். ஆக, நாட்டின் பெயருக்கு ஐந்து வருடங்களும் எண்ணெய்க்குப் பதினொரு வருடங்களும் மூத்த கழகம் இது. இதனால்தான் ரசிகர்கள் இதனை 'அல் அமீத்', அதாவது மூத்தவர் என்று அழைக்கிறார்கள். 'இத்திஹாத்' என்ற சொல்லுக்கு ஒற்றுமை என்பது பொருள்.

அன்றைய ஜித்தா எப்படிப்பட்ட ஊர்? ஹஜ்ஜுக்குக் கப்பலில் வரும் யாத்திரிகர்கள் இறங்கும் துறைமுகம். இந்தியா, மலாயா, இந்தோனேசியா, ஆபிரிக்கா என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தவர்களில் பலர் அங்கேயே தங்கி வியாபாரம் செய்தார்கள். துணி, வாசனைத் திரவியம், தானியம், மாலுமிகளுக்கான சாமான்கள். அந்தத் துறைமுகத்து மக்களோடு சேர்ந்துதான் பந்தும் கரைக்கு வந்தது. புல்தரை கிடையாது. மண்தரையில்தான் விளையாட்டு.

1937 இல் அதே நகரத்தில் அல் அஹ்லி என்ற இன்னொரு கழகம் உருவானது. ஒன்று மஞ்சளும் கறுப்பும், மற்றது பச்சை. இன்றுவரை ஜித்தாவில் ஒரே வீட்டுக்குள் அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். ஆனால் துறைமுகத் தொழிலாளி, சில்லறை வியாபாரி, வாகனச் சாரதி போன்ற சாதாரண மக்களின் கழகம் என்ற பெயர் இத்திஹாதுக்குத்தான் நிலைத்தது. இந்தப் பெயர்தான் அதன் பெரிய சொத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

யாருடைய பை?

சவூதியில் நாடு தழுவிய லீக் போட்டி இப்போதைய உருவில் 1976 - 77 பருவத்தில் தொடங்கியது. இத்திஹாத் 1981 - 82 இல் அதை முதன்முறையாக வென்றது. அதன் பிறகு பதினைந்து வருட வறட்சி. 1990களில் தொழில்முறை உதைபந்தாட்டம் வந்தது. வீரர்களுக்கு ஒப்பந்தம், சம்பளம், வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர்கள், வெளிநாட்டு வீரர்கள் என்று செலவு ஏறியது.

நான் 1996 இல் ஜித்தாவில் போய் இறங்கினேன். அந்தப் பருவத்தில்தான் இத்திஹாதின் வறட்சி முடிந்தது. 1996 - 97 தொடக்கம் 2008 - 09 வரை ஏழு தடவை லீக் பட்டம். 1999 இல் ஆசியக் கிண்ண வெற்றியாளர்களுக்கான கிண்ணம். 2002 இல் பிரேசிலின் உலகக் கிண்ண வீரர் பெபெட்டோ கூட சிறிது காலம் மஞ்சள் கறுப்புச் சட்டை போட்டார். 2006 இன் இறுதியில் போர்த்துக்கலின் லூயிஸ் ஃபிகோ வருகிறார் என்று அறிவிப்பே வெளியானது. கடைசியில் அவர் வரவில்லை, இத்தாலியிலேயே தங்கிவிட்டார்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இதுதான் வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் காலத்தில் சவூதிக் கழகங்கள் கம்பனிகள் அல்ல. அரசின் இளைஞர் நலத்துறையின் கீழ் இயங்கிய அமைப்புகள். அரசு ஒரு தொகை கொடுக்கும். அனுசரணையாளர்கள் கொஞ்சம் கொடுப்பார்கள். மீதியைக் கழகத் தலைவரும் 'கௌரவ உறுப்பினர்கள்' எனப்பட்ட செல்வந்தர்களும் தமது சொந்தப் பையிலிருந்து போடுவார்கள். தலைவருக்கு ஒரு வீரர் பிடித்துவிட்டால் வாங்குவார். தலைவர் மாறினால் அடுத்தவர் வேறொருவரை வாங்குவார். முன்னவர் செய்த ஒப்பந்தத்தின் மீதிக் கடன் மட்டும் கழகத்தின் பெயரில் நிற்கும்.

இதை நமது பாஷையில் சொன்னால், கடை ஒன்று நடக்கிறது. கூட்டம் அள்ளுகிறது. பெயர் ஊரெல்லாம் பரவுகிறது. ஆனால் சாமான் வாங்குவது கடையின் இலாபத்தில் அல்ல. மாமனார் ஒருமுறை, மச்சான் ஒருமுறை, வெளிநாட்டிலிருக்கும் மகன் ஒருமுறை என்று யாரோ போடும் காசில். அந்தக் கடையை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெற்றிகரமான கடை. லாச்சியைத் திறந்து பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும்.

உச்சி

இருந்தாலும் அந்த வருடங்களின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2004 இல் ஆசிய சம்பியன். 2005 இலும் அதே கிண்ணம். இம்முறை எதிரணி ஐக்கிய அரபு இராச்சியத்தின் அல் ஐன். அங்கே 1 - 1, ஜித்தாவில் 4 - 2.

அதே வருடம் டிசம்பரில் ஜப்பானில் நடந்த கழகங்களுக்கான உலக சம்பியன் போட்டியில் எகிப்தின் அல் அஹ்லி கழகத்தை 1 - 0 என்று வென்றார்கள். மிக நீண்ட காலம் தோல்வியே காணாமல் வந்த அணி அது. முஹம்மத் நூர்தான் அந்தக் கோலையும் அடித்தார். அரையிறுதியில் பிரேசிலின் சாவோ பாலோவிடம் 3 - 2 என்று தோற்றாலும், உலகப் புகழ் பெற்ற கழகத்தோடு கடைசி வரை மல்லுக்கு நின்றார்கள். 2009 இல் மீண்டும் ஆசிய இறுதிப் போட்டி. டோக்கியோவில் கொரியாவின் போஹாங் அணியிடம் 2 - 1 என்று தோல்வி.

நான் 2006 இல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். பத்து வருட உழைப்பில் சேர்த்த காசில் மாவனல்லையில் ஒரு துணிக்கடை போட்டேன். 2009 இறுதிப் போட்டியன்று ஜித்தாவிலிருக்கும் பழைய நண்பர் ஒருவருக்கு தொலைபேசி எடுத்து ஆட்டம் எப்படிப் போகிறது என்று கேட்டது நினைவிருக்கிறது. அன்று இருவருக்குமே தெரியாது, அந்த டோக்கியோ ஆட்டத்தோடு ஒரு காலம் முடிகிறது என்பது.

பை மூடியது

2010க்குப் பிறகு ஒவ்வொரு பையாக மூடத் தொடங்கியது. தலைவர்கள் மாறி மாறி வந்தார்கள். கடன் மட்டும் மாறாமல் வளர்ந்தது. 2013 இல் முஹம்மத் நூர் உட்பட மூத்த வீரர்கள் கழகத்தை விட்டுப் போனார்கள். அந்த வருடம் ஓர் அதிசயமும் நடந்தது. கழகத்தின் சொந்தப் பயிற்சியில் வளர்ந்த பையன்களைக் கொண்டே மன்னர் கிண்ண இறுதிப் போட்டியில் அல் ஷபாபை 4 - 2 என்று வென்றார்கள். காசு குறைந்த காலத்தில் வீட்டிலிருந்த சரக்கின் பெறுமதி தெரிய வந்தது. ஆனால் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ள யாரும் இருக்கவில்லை. மீண்டும் ஒப்பந்தம், மீண்டும் கடன்.

பழைய கடன்காரர்கள் சும்மா இருப்பார்களா? சம்பளம் கிடைக்காத வெளிநாட்டு வீரர்களும் பணம் வராத கழகங்களும் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபீஃபாவிடம் முறையிட்டார்கள். 2016 - 17 பருவத்தில் கடன் விவகாரம் காரணமாக இத்திஹாதின் லீக் புள்ளிகளில் மூன்று வெட்டப்பட்டன. 2017 இல் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை வந்தது. நிதி நிலைமை சீரில்லை என்று ஆசிய சம்மேளனத்தின் அனுமதிப்பத்திரம் கிடைக்காததால் 2018 ஆசிய சம்பியன்ஸ் லீக்கில் விளையாடவும் முடியாமல் போனது. இரண்டு முறை தொடர்ந்து வென்ற கிண்ணத்துக்கு, மைதானத்தில் தகுதி பெற்றும், வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

மைதானத்தில் வியர்வை சிந்தி எடுத்த புள்ளியைக் கணக்கறையில் இழப்பது எப்படிப்பட்ட வேதனை என்பது வியாபாரிக்கு விளங்கும். நாள் முழுக்க நின்று விற்ற காசு மறுநாள் காலை வங்கியின் அபராதத்துக்குப் போவது போலத்தான்.

என் கதை

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் கடை நன்றாக ஓடியது. 2012 இல் இன்னொரு கடையை எடுத்தேன். கீ மணி கொடுக்கவே கையிலிருந்த முதல் கரைந்துவிட்டது. சரக்கு? அதற்குத்தான் புறக்கோட்டை இருக்கிறதே. பிந்திய திகதி போட்ட காசோலைக்கு மொத்த வியாபாரி சரக்குக் கொடுப்பார். 2013 நோன்புப் பெருநாளுக்கு இரண்டு கடைக்கும் நிரம்ப நிரம்ப ஏற்றினேன். அறுபது நாள், தொண்ணூறு நாள் காசோலைகள். பெருநாள் விற்பனையில் எல்லாம் அடைபடும் என்று கணக்கு.

பெருநாள் வந்து போனது. இரண்டாவது கடையில் பாதிச் சரக்கு அப்படியே ராக்கையில் இருந்தது. ஒரு மாதத்துக்குள் நான்கு காசோலைகள் திரும்பின. தொலைபேசி அடித்தால் நெஞ்சு படபடக்கும். யார் அழைப்பது என்று பார்த்துவிட்டு எடுக்காமல் விட்ட அழைப்புகள் எத்தனையோ. வீட்டில் மனைவியின் நகை வங்கிக்குப் போனது. இரவில் தூக்கம் இல்லாதபோதுதான் ஜித்தா முதலாளியின் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "பை மூடினால் என்ன செய்வார்கள்?" என் கடையில் நிறைந்திருந்த சரக்கு என் லாச்சியிலிருந்து வந்ததல்ல. மொத்த வியாபாரியின் பையிலிருந்து வந்தது.

ஒரு நாள் காலையில் பஸ் ஏறி புறக்கோட்டைக்குப் போனேன். காசோலை திரும்பிய ஹாஜியாரின் முன்னால் போய் உட்கார்ந்து, இருப்பதையும் இல்லாததையும் கொப்பியை விரித்துக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "ஒளிச்சிட்டுத் திரியாம நேர வந்தீங்களே மகன், அது போதும்" என்று சொல்லிப் பதினெட்டு மாதத் தவணை தந்தார். இரண்டாவது கடையை விட்டேன். கீ மணியில் கிடைத்ததைக் கடனுக்குக் கொடுத்தேன். பதினெட்டு மாதம் இருபத்தொன்றானது. அல்ஹம்துலில்லாஹ், கடைசிக் காசோலை 2015 இல் மாறியது.

அந்த இருபத்தொரு மாதமும் என் கடையைக் காப்பாற்றியது எது தெரியுமா? சரக்குக் குறைந்த கடைக்கும் விடாமல் வந்த பழைய வாடிக்கையாளர்கள். "இந்த நிறம் இல்லையா, பரவாயில்லை நானா, அடுத்த முறை எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த முறையும் வந்தவர்கள்.

நிறம் மாறாத கூட்டம்

இத்திஹாதுக்கும் அப்படித்தான் நடந்தது. 2018 மே மாதத்தில் சவூதி அரசு நாட்டின் கழகங்களின் கடன்களைத் தீர்க்க முன்வந்தது. அறிவிக்கப்பட்ட தொகை சுமார் 128 கோடி ரியால். ஏறக்குறைய 34 கோடி டொலர். பெருங்கடன்காரர்களில் ஒன்றாயிருந்த இத்திஹாதின் கழுத்துக் கயிறு தளர்ந்தது. அதே மாதம் மன்னர் கிண்ணத்தையும் வென்றார்கள்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. புதிய வீரர்கள், புதிய பயிற்றுவிப்பாளர் என்று 2018 - 19 பருவத்தைத் தொடங்கிய அணி லீக் அட்டவணையின் அடிமட்டத்தில் போய் விழுந்தது. பருவத்தின் நடுவிலேயே பயிற்றுவிப்பாளர்கள் மாறினார்கள். 16 அணிகளில் 10 ஆம் இடத்தில் முடித்தார்கள். அடுத்த பருவம் 11 ஆம் இடம். ஆசியாவின் சம்பியனாக இருந்த கழகம், தரமிறக்கத்துக்குப் பயந்து நாட்களை எண்ணியது. கடன் அடைபட்டதால் மட்டும் கடை நடந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கடனை ஒரே நாளில் அடைக்கலாம். கடையை நடத்தும் பழக்கம் ஒரே நாளில் வராது.

ஆனால் அந்த இருண்ட காலத்திலும் கூட்டம் போகவில்லை. 2014 இல் திறக்கப்பட்ட ஜித்தாவின் புதிய மைதானத்தில் சுமார் 60 ஆயிரம் பேர் உட்காரலாம். தோற்கும் அணிக்காக அங்கே மஞ்சள் கறுப்பு அலை எழுந்தது. பணக்காரத் தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். முன்னால் சொன்ன அந்தச் சாதாரண மக்கள் மட்டும் போகவில்லை. தொண்ணூறு வருடங்களில் அந்தக் கழகம் உண்மையில் சம்பாதித்து வைத்திருந்த முதல் அதுதான்.

அந்த முதலின் மேல்தான் மெதுவாக எழுந்தார்கள். 2020 - 21 இல் மூன்றாம் இடம். 2021 - 22 இல் இரண்டாம் இடம். 2022 - 23 இல் போர்த்துக்கல் நாட்டுப் பயிற்றுவிப்பாளர் நூனோவின் கீழ் 14 வருடங்களுக்குப் பிறகு லீக் சம்பியன். அந்தப் பருவத்தில் 30 ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய கோல்கள் வெறும் 13. அதாவது, அடிப்பதற்கு முன்னர் வாங்காமல் இருக்கப் பழகினார்கள். வியாபாரத்தில் நாம் இதை வீண்செலவை அடைப்பது என்போம். உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்த கூட்டமும் சராசரியாக 40 ஆயிரம் அளவில் இருந்தது.

பெரும் பணம் வந்த பிறகு

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தப் பட்டம் கிடைத்தது 2023 மே மாதத்தின் கடைசி வாரத்தில். ஜூன் 5 ஆம் திகதிதான் சவூதியின் பொது முதலீட்டு நிதியம் இத்திஹாத், அல் அஹ்லி, அல் ஹிலால், அல் நஸ்ர் ஆகிய நான்கு கழகங்களிலும் தலா 75 சதவீதப் பங்கை எடுத்தது. கழகங்கள் கம்பனிகளாயின. மீதி 25 சதவீதம் இலாப நோக்கற்ற அமைப்புகளிடம் போனது.

மறுநாளே பிரான்ஸ் நாட்டின் கரீம் பென்சிமா இத்திஹாதோடு ஒப்பந்தமானார். உலகின் சிறந்த வீரருக்கான 2022 ஆம் ஆண்டின் தங்கப் பந்து விருதை வென்றவர். அவருக்குப் பின்னால் கான்டே, ஃபபின்ஹோ. லிவர்பூலின் முஹம்மத் ஸலாஹுக்குக் கூட 15 கோடி பவுண் வரை விலை பேசினார்கள். லிவர்பூல் மறுத்துவிட்டது.

விளைவு? 2023 - 24 பருவத்தில் நடப்புச் சம்பியன் ஐந்தாம் இடம். பட்டம் வாங்கிக் கொடுத்த நூனோவைப் பருவத்தின் நடுவிலேயே அனுப்பினார்கள். அவருக்குப் பின்னால் வந்த ஆர்ஜன்டீனாக்காரரும் அந்தப் பருவத்தோடு போனார். சிக்கனமாக நடந்த வருடம் முதலாமிடம், கையில் எண்ண முடியாத காசு வந்த வருடம் ஐந்தாமிடம்.

நியாயமாக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அடுத்த பருவத்தில் பிரான்ஸ் நாட்டின் லோரன் பிளாங் பயிற்றுவிக்க, 2024 - 25 லீக்கையும் மன்னர் கிண்ணத்தையும் சேர்த்து வென்றார்கள். பென்சிமாவின் கோல்களுக்கு அதில் பெரிய பங்குண்டு. ஆகவே முதலீடு வீண் என்று நான் சொல்லவில்லை. முதலீடு வந்து, ஒரு வருடம் அடிபட்டு, ஒழுங்குக்கு வந்த பிறகுதான் பலன் தந்தது என்கிறேன்.

நமக்கு என்ன?

அந்தக் கழகத்தைக் காப்பாற்ற ஓர் அரசாங்கமே வந்தது. மாவனல்லையிலோ கல்முனையிலோ புத்தளத்திலோ கடை வைத்திருக்கும் உங்களுக்கும் எனக்கும் யார் வருவார்? ஆகவே அவர்களின் பெருமையைப் பார்த்துக் கைதட்டலாம். அவர்கள் கடன் வாங்கிய விதத்தைப் பார்த்துப் பின்பற்ற முடியாது.

நான் இப்போது செய்வது மிகச் சாதாரணமான ஒரு காரியம். மாதம் ஒரு முறை, கடை அடைத்த பிறகு, கொப்பியில் இரண்டு வரிசை எழுதுகிறேன். ஒன்று, கடையிலுள்ள சரக்கில் என் சொந்தக் காசில் வாங்கியது எவ்வளவு. மற்றது, பிறருடைய பையிலிருந்து வந்தது எவ்வளவு. இரண்டாவது வரிசை முதலாவதைத் தாண்டினால் அடுத்த மாதம் புதிய சரக்கு ஏற்றுவதில்லை. பெருநாள் காலமானாலும் சரி. என் மகனுக்கு இது பிடிக்கவில்லை. "கடை வெறுமையாத் தெரியுது வாப்பா" என்கிறான். தெரியட்டும் என்கிறேன். வெறுமையான ராக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த வாடிக்கையாளரை நான் கண்டிருக்கிறேன். திரும்பிய காசோலையை இன்முகத்தோடு பார்த்த மொத்த வியாபாரியை நான் கண்டதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் உம்ரா சென்றபோது ஜித்தாவில் ஒரு நாள் தங்கினேன். பழைய பலதில் பல வீடுகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி காலமாகிவிட்டார். கடையை அவருடைய மகன் நடத்துகிறார். அதே அளவுக் கடை, அதே பின்னறை, தொலைக்காட்சி மட்டும் பெரிதாகியிருந்தது. சுவரில் 2004 அணியின் படம் மங்கிப் போய்த் தொங்கியது. தேநீர் குடித்தபடியே, "இந்த இருபது வருடத்தில் ஏன் கடையைப் பெருப்பிக்கவில்லை?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டு லாச்சியைத் தட்டிக் காட்டினார். "வாப்பா விட்டுப் போகும்போது இதில் யாருடைய காசும் இருக்கவில்லை. நானும் அப்படியே விட்டுப் போக வேண்டும்" என்றார்.